தேக்குக் கதவு பாலிஷ்: முதல் கோட்டுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

புதுத் தேக்குக் கதவில் பாலிஷ் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும், ஒரே மழைக்காலத்தில் வெளுத்தாலும் எல்லாரும் டப்பாவைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு, பிரஷ் படுவதற்கு முன்பே மரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஈரம். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு ஊசி வைத்த ஈரமானியை மூன்று நான்கு இடத்தில் குத்திப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். 15-ஐத் தாண்டினால் காத்திருங்கள். ஈர மரத்தைப் பூசி மூடினால், பின்னால் அது சுருங்கும்போது இணைப்புகளில் பாலிஷ் கோடு கோடாக விரியும்.

அதிகம் கெடுவது உப்புத்தாள் தேய்ப்பில். இழைப்பு மெஷினில் வந்த பலகை வழவழப்பாகத் தெரியும். டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், குறுக்கே சின்னச் சின்ன அலை தெரியும். நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும்; 80 நம்பர் தாளால் அந்த அலை முழுக்கப் போனபிறகுதான் 120, அதன்பின் 180. நேரம் மிச்சம் என்று 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால், 80 போட்ட கீறல்களை 220 எடுக்காது. அது கிளப்பும் மரத்தூள் கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்வதால் அப்போது கண்ணுக்கும் தெரியாது. ஸ்டெய்ன் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) பட்ட நிமிடமே ஒவ்வொரு கீறலும் கருப்பாக எழும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே தேய்த்திருந்தால் இன்னும் மோசம். தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் அழுத்தினால் மென்மையான நார் மட்டும் குழியும். ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் தூளைத் துடைத்துவிட்டுத் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால், மிச்சமிருக்கும் கீறல் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

நேரெதிர்த் தவறும் உண்டு. 400 வரை தேய்த்துப் பளபளப்பாக்கினால் ஸ்டெய்ன் உள்ளே இறங்காது, நிறம் வெளிறிப்போகும். 180-லேயே நிறுத்தலாம். பலகையின் வெட்டுமுனை மட்டும் நிறத்தை அதிகம் குடிக்கும், அதை 220 வரை கொண்டுபோனால் கதவு ஒரே நிறத்தில் நிற்கும்.

சொரசொரப்பான நார் தெரியவேண்டும் என்று கம்பி பிரஷ் போடுவோர் இரும்புக் கம்பியைத் தவிர்க்கவேண்டும். உதிர்ந்த துணுக்கு ஈரம் பட்டால் மரத்தில் கருங்கறையாக நிற்கும். பித்தளை அல்லது நைலான் பிரஷ் போதும், எப்போதும் நாரோடுதான். ரம்பம் அறுத்த முகத்தை அப்படியே விடுவதானால் உள்ளிறங்கும் எண்ணெய் நல்லது. அதன்மேல் கெட்டியான வார்னிஷ் படலம் போட்டால், துருத்தும் நார்முனைகளில் படலம் மெலிந்து அங்கிருந்து உரியத் தொடங்கும்.

இணைப்பில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் பரப்பித் துடைப்பது வழக்கம். காய்ந்ததும் தெரியாத அந்தப் பூச்சு, ஸ்டெய்ன் போட்டதும் வெள்ளைத் திட்டாகும். அரைமணி விட்டு, ரப்பர் பதத்தில் உளியால் சீவி எடுங்கள். பசையில் மரத்தூள் குழைத்துச் சந்து அடைப்பதும் இதே கதைதான். அதே மரத்தின் தூளைச் சீலரில் (மேல்பூச்சுக்கு முன் அடிப்பூச்சாக அடிப்பது) குழையுங்கள்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. தேய்த்து ஒருநாள் விட்டால் எண்ணெய் மேலே வந்து சீலர் பிடிக்காது. தின்னரால் துடைத்து, அது ஆவியானதும் அன்றைக்கே முதல் சீலரைப் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷோ தின்னரில் கரைத்த லாக்கர் பூச்சோ அடித்தால் பால் ஊற்றியது போல வெளுக்கும். ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மழை விட்ட நாளில் காலை 11 மணிக்கு மேல் 3 மணிக்குள் அடிக்கலாம். ஏற்கெனவே வெளுத்த அரக்கு பாலிஷை, காய்ந்த நாளில் ஸ்பிரிட் லேசாக நனைத்த துணியால் ஓட்டித் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயில் படும் வாசல் கதவுக்கு அரக்கு பாலிஷே வேண்டாம், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புற பியூ (பாலியூரிதேன் பூச்சு) தேவை.

கெட்டியாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும், அடுத்த கோட்டில் சுருங்கும். சீலர் இரண்டு மெல்லிய கோட், இடையில் 320 தாள், மேலே பியூ இரண்டு கோட். விளிம்பில் மட்டும் கை லேசாக இருக்கட்டும். அங்கேதான் தாள் நிறத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கதவை நிலையில் மாட்டும் முன் அதன் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் பூசிவிடுங்கள். மாட்டியபின் அங்கே பிரஷ் போகாது. மழைநாளில் கதவு தரையில் உரசுவதற்கு அந்தப் பூசாத அடிவிளிம்பு பெரும் காரணம், ஈரம் அதன் வழியாகத்தான் ஏறுகிறது.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்தவெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.