ஊற்று வற்றினால் மரத்தை எங்கே நடுவது?

ஊற்று வற்றியதும் அதைச் சுற்றியே கன்றுகளை நெருக்கி நட்டுவிடுகிறார்கள். ஊற்றுக்கண் நீர் வெளிவரும் வாசல் மட்டுமே. மழை மண்ணுக்குள் இறங்கும் இடம் மேட்டில் இருக்கிறது; நட வேண்டியதும் அங்கேதான். கண்ணை ஒட்டி அடர்ந்து நிற்கும் மரங்கள் வருகிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும்.

முதலில் அளவெடுங்கள். 10 லிட்டர் வாளி நிரம்ப 40 வினாடி ஆனால், ஊற்று நிமிடத்துக்கு 15 லிட்டர் தருகிறது. மூன்று முறை அளந்து சராசரியை எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் கோடையில் அதே வாரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்து மேட்டை நடந்து பாருங்கள். பாறை அடுக்குகள் சாய்ந்த மலையில், நீர் மறுபக்கச் சரிவிலிருந்தும் வரக்கூடும்.

கன்று நடுவதற்கு முன்பே அகழி வெட்ட வேண்டும். அதற்கு மட்டம் பார்க்க ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். 2 மீட்டர் நீளமுள்ள இரு கம்புகளின் உச்சியைச் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்து, கம்புகளின் இரு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அதில் நிற்கும்படி கால்களை மாற்றி மாற்றி வைத்துச் சரிவின் குறுக்கே நகர்ந்தால் சமமட்டக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் இடைவெளி விட்டு விட்டு அகழிகளை வெட்டுங்கள். ஒவ்வோர் அகழியிலும் 750 லிட்டர் நிற்கும். மேல்வரிசை இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசை அகழி வரட்டும். மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மட்டம் தவறினால் நீர் ஒரு முனையில் சேர்ந்து வரப்பை உடைக்கும். நிலத்தில் வெடிப்பு தெரிகிற, மண்சரிவு கண்ட சரிவில் அகழி வெட்டவே கூடாது.

கன்று நடும் குழி 45 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். அந்த மண்ணுக்கே உரிய ஐந்தாறு வகை மரங்களைக் கலந்து நடுவது நல்லது. தைலமரத் தோப்பு வேண்டாம். வேகமாக வளரும், அதே வேகத்தில் நீரையும் குடிக்கும். 5 மீட்டருக்கு ஒன்று போதும், அதாவது ஹெக்டேருக்கு 400. இடையிலுள்ள புல்லையும் புதரையும் அழிக்காதீர்கள். மழையை மண்ணுக்குள் இறக்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

மழை ஓர் அடி ஆழம் நனைத்த பிறகு நடுங்கள். பையை முழுவதும் கிழித்தெடுத்து, சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள். சுருளோடு நட்ட கன்று ஓரிரு ஆண்டு தழைத்துவிட்டுத் திடீரென்று பட்டுப்போகும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும். சருகு மூடாக்கு 10 சென்டிமீட்டர் கனத்துக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

நட்ட கன்றை அதிகம் அழிப்பவை மேய்ச்சலும் முதல் கோடையும்தான். மேய்ப்பவர்களோடு நடவுக்கு முன்பே உட்கார்ந்து பேசி, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடுவது, மாற்று மேய்ச்சல் எங்கே என்று முடிவெடுங்கள். வேலியை விட அந்த ஒப்பந்தம் வலுவானது. வீட்டுக்குப் பத்து கன்று என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்; இரண்டு கோடைக்கு நீர் ஊற்ற ஆளில்லாத எண்ணிக்கையை நடாதீர்கள். கோடை முடிந்ததும் எண்ணிப் பார்த்து, பட்ட இடங்களில் அடுத்த மழைக்கே மறுநடவு செய்யுங்கள். அகழிகளில் சேர்ந்த வண்டலையும் அந்த மழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும்.