வாழைக்காய்க்குக் குளிர் அடிபட்டால்: கிடங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டியம், லால்குடி, திருவையாறு பக்கமிருந்து போகும் வாழைக்காய், குளிர்கிடங்கை விட்டு வரும்போது பச்சையாகவே இருக்கும். பழுக்கப் போட்ட பிறகுதான் தோல் சாம்பல் பூத்து, மங்கி, பழுப்பேறும். உடனே "குளிர் பத்தலை" என்று இன்னும் இரண்டு டிகிரி இறக்குவார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். காய் கெட்டதே குளிரால்.

வாழை வெப்பமண்டலப் பயிர். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் செல் சவ்வு (செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை) தாங்காது. சவ்வில் இருக்கும் கொழுப்பு, மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி, இளகிய நிலை போய் இறுகத் தொடங்கும். அதில் பதிந்திருக்கும் புரதங்கள் சரியாக இயங்காது. உப்பு அயனிகள் வெளியே கசியும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் ஓட்டம் தடுமாறி, சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற, செல்லைச் சிதைக்கும் பொருள்கள் சேரும். காய் சும்மா இருப்பதில்லை. குளிரை எதிர்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடும்; கேட்டலேஸ் போன்ற நொதிகளைக் கொண்டு பெராக்ஸைடை உடைக்கும். குளிர் சிறிது நேரத்தில் விலகினால் மீண்டுவிடும். நீடித்தால் சவ்வின் கொழுப்பே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து சிதையும். அப்போது செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பீனால்கள் என்ற வேதிப்பொருள்களும், அவற்றைக் கறுக்கவைக்கும் பாலிபீனால் ஆக்ஸிடேஸ் நொதியும் ஒன்றுசேரும். வாழைத் தோலில் அந்தப் பீனால்களில் முக்கியமானது டோபமைன். அது கறுப்பதைத்தான் நாம் பழுப்பாகப் பார்க்கிறோம். கிடங்கில் மெதுவாக நடக்கும் இந்த வேலை, வெளிச்சூட்டுக்கு வந்ததும் வேகமெடுக்கும்.

கேவண்டிஷ் ரகக் காய்க்குக் கணக்கு உண்டு: 10 டிகிரியில் ஒரு மணி நேரம், 11.7-ல் 5 மணி, 12.2-ல் 24 மணி இருந்தாலே மிதமான பாதிப்பு வந்துவிடும். அதனால் கேரட், முட்டைக்கோஸ் இருக்கும் கடுங்குளிர் அறையில் "ஒரு ராத்திரி மட்டும்" என்று வைப்பதற்கு இடமே இல்லை. பூவன், ரஸ்தாளிக்கு இதே கணக்கை அப்படியே நம்பாமல், சில சீப்புகளை வைத்துச் சோதித்துவிட்டு முழு லோடை ஏற்றுங்கள்.

அடுத்தது, சுவரில் இருக்கும் எண்ணை நம்புவது. அது அறைக் காற்றின் வெப்பநிலை. 13 என்று காட்டும்போதே, கூலிங் யூனிட்டிலிருந்து வரும் காற்று அதைவிடக் குளிராக இருக்கும். அதன் நேர் முன்னால் அடுக்கிய பெட்டிகள்தான் முதலில் அடிபடும். ஊசி வெப்பமானியைக் காயின் சதைக்குள் குத்திப் பாருங்கள். காற்று வாய்க்கு அருகே, அறையின் நடுவே, கதவோரம் என மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். சதை 13 முதல் 14 டிகிரிக்குள், ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதத்துக்குள் இருக்கட்டும். காற்று வறண்டால் தோல் சீக்கிரம் வாடிக் கறுக்கும்.

சித்திரை வெயிலில் வெட்டிய தாரைச் சூடாகவே கிடங்கில் அடைத்துவிட்டு, சீக்கிரம் ஆறட்டும் என்று செட்டிங்கை 8-க்கு இறக்குவதும் நடக்கிறது. உள்ளடுக்கு ஆறுவதற்குள் வெளியடுக்கு பாழாகிவிடும். விடியலில் வெட்டி, நிழலில் சீப்புப் பிரித்துக் கழுவி, பெட்டிகளுக்கு இடையே காற்றுப் போக இடம் விட்டு, செட்டிங்கை மாற்றாமல் ஆறவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் பச்சைக் காயின் தோலைக் கத்தியால் மெல்லச் சீவிப் பாருங்கள். பச்சைத் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் குளிர் அடித்துவிட்டது என்று பொருள். பால் வடிவதும் குறைந்திருக்கும்.

அப்படிப்பட்ட காய்க்கு, பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. மாவு சர்க்கரையாவதும் மணம் கூடுவதும் ஏற்கெனவே குலைந்திருக்கும். நிறமும் ஒரே சீராக ஏறாது. லேசான பாதிப்பு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும் என்பதால், பழுக்கப் போடாமல் காயாகவே சிப்ஸ் போடுபவர்களிடம் அன்றைக்கே தள்ளிவிடலாம். ஏற்றி இறக்கும்போது கவனம்: குளிர் அடித்த தோல் லேசாக உரசினாலே கறுத்துப்போகும்.