விமான மாடல் கிட் வாங்கும் முன்: கிட், புத்தகம், துணைப் பொருள் மூன்றையும் எடைபோடுவது எப்படி?

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பதால், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டோர்னியர் விமானமும் சேட்டக் ஹெலிகாப்டரும் புதிதல்ல. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அப்துல் கலாம் பிறந்த மண் வேறு. அதனால் விமான மாடல் செய்ய ஆசைப்படுபவர்கள் நம் கடற்கரையில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் மாடல் கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை, நேரில் திறந்து பார்த்து வாங்கும் கடை நமக்குப் பக்கத்தில் கிடையாது. இணையத்தில் பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தைப் பார்த்து, பிடித்திருந்தால் பணம் கட்டிவிடுகிறோம். இறக்குமதி வரியும் கூரியர் செலவும் சேர்ந்த பிறகு அது சின்னத் தொகை இல்லை. பணம் கட்டும் முன் எதைப் பார்ப்பது, பெட்டி வந்தபின் எதைச் சோதிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் விமானம், அப்புறம்தான் கிட்

புதிதாகத் தொடங்குபவர்கள் கிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு விமானத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். எந்த விமானம், அதில் எந்த ரகம், எந்த ஆண்டில் பறந்தது என்பதை ஒரு தாளில் எழுதிய பிறகுதான் கிட்டைத் தேட வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நேட் விமானம் நல்ல உதாரணம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு உயிர்நீத்த பறக்கும் அதிகாரி நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டியது நேட். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்த விமானத்தைச் செய்ய வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். தேடினால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு) நேட் கண்ணில் படும். பெட்டியில் நேட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அது இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை அதில்தான் பறந்தது. செக்கோனுடையது ஒருவர் மட்டுமே அமரும் போர் விமானம். பயிற்சி ரகத்தின் இறக்கை அகலம் 7.32 மீட்டர், போர் ரகத்தினுடையது 6.73 மீட்டர். உடல் நீளத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம். விமானி அறையின் மேல் உள்ள கண்ணாடி மூடி, இறக்கை, வால் எல்லாமே வேறு. என்னதான் இந்திய வண்ணம் பூசினாலும் அது செக்கோனின் விமானம் ஆகாது. ஏர்ஃபிக்ஸ் கிட்டில் குறை ஒன்றும் இல்லை. நாம் தேடிய விமானம் அது இல்லை, அவ்வளவுதான்.

மிக்-21 வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நம் விமானப்படையில் 1963 முதல் 2025 வரை பல ரகங்கள் பறந்தன. 1971 போரில் பெயர் வாங்கிய எஃப்எல் ரகத்துக்கு முதுகு மெலிந்திருக்கும், உடலுக்குள் பீரங்கி கிடையாது. பின்னால் வந்த பிஸ் ரகத்துக்கு முதுகு தடித்து உயர்ந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படம் இருந்தால் போதும், இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நம் தலைக்கு மேல் பறக்கும் டோர்னியர் 228 கூட ஒரே நீளம் இல்லை. 100 வரிசை 15.04 மீட்டர், 200 வரிசை 16.56 மீட்டர். 1/72 அளவில் இது 21 மில்லிமீட்டர் வித்தியாசம். விற்பனைப் பக்கத்தில் எந்த வரிசை என்று குறிப்பிடாவிட்டால், ஜன்னல்களை எண்ணிப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

சேட்டக் செய்ய ஆசைப்படுபவர்கள் அதை மூன்றாவது, நான்காவது கிட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு முழுக்கக் கண்ணாடி. அதில் ஒரு சொட்டுப் பசை பட்டாலும் மறைக்க வழியில்லை.

படி 2: அளவைக் கணக்குப் போடுங்கள்

1/72 என்றால் நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். மிக்-21 இறக்கை அகலம் 7.15 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 99 மில்லிமீட்டர், 48-ஆல் வகுத்தால் 149 மில்லிமீட்டர். 1/72 மிக் உள்ளங்கையில் அடங்கும், 1/48-க்கு அலமாரியில் இடம் பார்க்க வேண்டும். டோர்னியருக்கு இறக்கை 16.97 மீட்டர், 1/72-லேயே 236 மில்லிமீட்டர் வந்துவிடும்.

தொடங்குபவர்களுக்கு 1/72 போதும் என்பது என் கருத்து. விலை குறைவு, பாகங்கள் குறைவு, தவறினால் மனம் அவ்வளவு வலிக்காது.

படி 3: அச்சின் வயதைக் கண்டுபிடியுங்கள்

பெட்டி புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் பாகங்களை வார்த்த அச்சு நாற்பது வயதாக இருக்கும். ஒரு நிறுவனம் செய்த அச்சை இன்னொரு நிறுவனம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத்தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால், அந்த அச்சு முதலில் எந்த ஆண்டு வந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் மாறி மாறி வந்தது என்று காட்டும். பல கிட்டுகளுக்கு விளக்கத் தாளையும் அங்கேயே பார்க்கலாம். பாகங்கள் எத்தனை, எங்கே சிக்கல் வரும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

விற்பனையாளர் பாகங்களின் படம் போட்டிருந்தால் உடலின் மேல் உள்ள தகட்டுக் கோடுகளைப் பாருங்கள். பழைய அச்சுகளில் அவை மேலே புடைத்திருக்கும், புதியவற்றில் உள்ளே குழிந்திருக்கும். குழிந்த கோடுகளே நல்லது. இணைப்பைத் தேய்க்கும்போது புடைத்த கோடு அழிந்துவிடும். அதற்காகக் குழிந்த கோடெல்லாம் சிறப்பு என்றும் இல்லை; சில கிட்டுகளில் வாய்க்கால் வெட்டியதுபோல அகலமாக இருக்கும்.

குறைந்த எண்ணிக்கையில் அச்சடிக்கும் சிறு நிறுவனங்களின் கிட்டுகளில் பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும் முளைகள் இருக்காது. அபூர்வ விமானங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும், ஆனால் முதல் கிட்டாக அவை வேண்டாம்.

படி 4: பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பையைக் கிழித்து உடனே பாகங்களை வெட்ட ஆரம்பிக்காதீர்கள். வெட்டிய பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக் காலை வெயில் வரும் ஜன்னலோரம் கொண்டுபோய், ஒளி சாய்வாக விழும்படி பிடியுங்கள். நேராகப் பிடித்தால் தெரியாதது எல்லாம் இப்போது தெரியும். ஓரங்களில் மெல்லிய ஏடுபோல பிளாஸ்டிக் பிதுங்கியிருந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது. கத்தியால் சுரண்டிவிடலாம், ஆனால் நேரம் பிடிக்கும். தடித்த பாகங்களின் மேல் லேசான குழி தெரிந்தால் பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கியிருக்கிறது. புட்டி வைத்து நிரப்ப வேண்டும். வட்ட வட்டமாகத் தெரிவது அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசிகளின் தடம். உட்பக்கம் இருந்தால் கவலை இல்லை. சக்கரக் கதவின் வெளிப்பக்கமோ இறங்கு சக்கரக் கால்களிலோ இருந்தால் அதைக் குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இறக்கையின் பின் ஓரம். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்தால் எவ்வளவு தடிப்பு வரும் என்று பாருங்கள். நிஜ விமானத்தில் அந்த ஓரம் மிக மெல்லியது. மாடலில் அரை மில்லிமீட்டர் தடித்தாலும் 1/72 கணக்கில் அது 36 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலப் பலகை மாதிரி!

கண்ணாடி மூடியைச் சட்டத்திலிருந்து பிரிக்காமலேயே தினத்தந்தியின் வரி விளம்பரப் பக்கத்தின் மேல் வைத்து அதன் வழியே படித்துப் பாருங்கள். எழுத்து நெளிந்தாலும் படிக்க முடிந்தால் மூடி நல்லது. மங்கலாகி எழுத்தே கரைந்தால் மூடி தடிப்பு. உள்ளே எவ்வளவு அழகாக விமானி அறை செய்தாலும் வெளியில் தெரியாது.

பிறகு அளவுகோல். கீழ் இறக்கை ஒரே பாகமாக வந்திருந்தால் நேராக அளந்து, படி 2-ல் போட்ட கணக்கோடு ஒப்பிடலாம். உடல் நீளத்தை நம்பி அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில புத்தகங்கள் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் வேகமானிக் குழாயையும் சேர்த்து நீளம் சொல்லும், சில சேர்க்காது. இறக்கை அகலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் கிட்டை ஒதுக்க வேண்டாம். நீளம் சரியாக இருந்தும் மூக்கின் வளைவு தப்பாக இருந்தால் மாடல் அந்த விமானம் மாதிரியே தெரியாது. அளவுகோலை விட வடிவத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு உடலின் இரு பாதிகளையும் வெட்டியெடுத்து, பசை இல்லாமல் டேப் மட்டும் ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள். நகம் நுழையும் இடைவெளி எங்கே இருக்கிறது என்று தாளில் குறியுங்கள்.

படி 5: டெக்கால் தாள்

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் சின்னங்களும் எண்களும். இந்திய வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. வெள்ளை வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் தாளை அச்சடிக்கும்போது நிறங்கள் நகர்ந்திருக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். வரிசை எண்ணின் எழுத்து வடிவத்தை நிஜப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

பழைய கிட் என்றால் நிறமற்ற படலம் மஞ்சளித்திருக்கும். தாளைப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெரும்பாலும் குறையும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரம்தான் எதிரி. கடற்கரை வீடுகளில் டெக்கால் தாள் காற்றில் திறந்து கிடந்தால் பசை இளகிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். வந்த நாளே ஜிப் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடிவிடுங்கள்.

படி 6: புத்தகம்

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் துணைப் பொருளுக்கு முன் புத்தகத்துக்குக் கொடுங்கள். ஒரு நல்ல புத்தகம் அந்த விமானத்தின் எல்லாக் கிட்டுகளுக்கும் பயன்படும்.

முதலில் படக்குறிப்புகளைப் படியுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்த வரிசை எண் என்று சொல்லும் குறிப்புள்ள புத்தகம் நம்பத்தக்கது. 'இந்திய மிக் ஒன்று பறக்கிறது' என்று மட்டும் போட்டிருந்தால் எழுதியவருக்கும் அதற்கு மேல் தெரியாது. அளவு வரைபடம் இருந்தால் அதை அளந்து பாருங்கள். 1/72 என்று போட்டுவிட்டு பக்கத்துக்கு அடங்கும்படி சுருக்கி அச்சடித்த புத்தகங்கள் உண்டு. மிக்-21 வரைபடம் 99 மில்லிமீட்டர் வராவிட்டால் அதை வைத்துக் கிட்டைக் குறை சொல்ல முடியாது. வண்ண ஓவியங்கள் ஓவியரின் ஊகமும் கலந்தவை. பக்கத்தில் அதே விமானத்தின் புகைப்படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கோவா பக்கம் போனால் டபோலிமில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தையும், டெல்லி போனால் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே நிற்கும் விமானங்களுக்குப் பலமுறை வண்ணம் பூசியிருப்பார்கள். வடிவத்துக்கு அவற்றை நம்பலாம், நிறத்துக்கு வேண்டாம். சக்கரக் குழியின் உட்புறத்தைப் படம் எடுக்க அனுமதி கிடைத்தால் எடுத்துவாருங்கள், புத்தகங்களில் அதிகம் கிடைக்காத படம் அது. ஆனால் உச்சிப்புளித் தளத்தைப் படம் எடுக்கப் போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

படி 7: துணைப் பொருட்கள்

துணைப் பொருள் என்பது கிட்டோடு சேர்க்கத் தனியாக விற்கும் பாகம். எந்த நிறுவனத்தின் எந்தக் கிட்டுக்காகச் செய்தது என்று அட்டையில் எழுதியிருக்கும். அது உங்கள் கிட் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஒரே விமானம், ஒரே அளவு என்றாலும் வேறு நிறுவனத்தின் உடலுக்குள் அது பொருந்தாமல் போகலாம்.

தொடங்குபவர்களுக்குக் கண்டிப்பாகப் பயன்படுவது மாஸ்க், அதாவது வண்ணம் பூசும்போது கண்ணாடி மூடியை மறைக்க அதன் வடிவத்துக்கு வெட்டிய ஒட்டுத்தாள். விலை குறைவு, பலன் உடனே தெரியும். அடுத்தது உலோக வேகமானிக் குழாய். பிளாஸ்டிக் குழாய் கை பட்டதும் முறியும். ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களும், போட்டோ-எட்ச் என்னும் நுண்ணிய பாகங்கள் பொறித்த மெல்லிய உலோகத் தகடுகளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாடல் பசை இவற்றில் ஒட்டாது, சூப்பர் குளூ வேண்டும். ரெசினைத் தேய்த்தால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் போடுங்கள்.

போட்டோ-எட்ச் பெரும்பாலும் பித்தளை. உப்புக் காற்றில் கறுத்துவிடும், அதனால் அதுவும் சிலிக்கா ஜெல் பைக்குள் போகட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அதை வெட்ட வேண்டும். பறந்துபோன துண்டை மணல் படிந்த தரையில் தேடி எடுக்க முடியாது.

படி 8: வாங்கும் வழி

கீழக்கரை, தொண்டி பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ மாமன் மச்சான் இல்லாத வீடு குறைவு. ஊருக்கு வரும்போது கிட்டை வாங்கிவரச் சொல்லலாம். பெட்டி பெரிதாக இருந்தால் சட்டங்களைத் துணிகளுக்கு நடுவே வைத்து, அட்டையை மடித்து எடுத்துவரட்டும். கண்ணாடி பாகங்களுக்குத் தனி உறை போடச் சொல்லுங்கள். பசை, தின்னர், ஸ்பிரே கேன் மூன்றையும் கேட்காதீர்கள். அவை தீப்பிடிக்கும் பொருட்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அவற்றை உள்நாட்டுக் கடைகளில் தரைவழிக் கூரியரில் தருவித்துக்கொள்ளுங்கள், கிட் வருவதற்கு முன்பே சொல்லிவைத்தால் இரண்டும் ஒன்றாகக் கைக்கு வரும்.