மிடில் ரிவரும் அதன் பாலங்களும்: வரைபடத்தில் தொடங்கி ஆற்றங்கரை வரை

அயோவா மாநிலத்தின் மேடிசன் கவுண்டியில் ஓடும் மிடில் ரிவர் சிறிய ஆறுதான். கிழக்கே போய் டெ மொய்ன் ஆற்றில் கலக்கிறது. இதன் கூரைப் பாலங்களை, அதாவது பக்கச் சுவரும் மேலே கூரையும் உள்ள மரப்பாலங்களை, பார்க்க வருகிறவர்கள் பலர் நேராகப் பாலத்தில் போய் நிற்கிறார்கள். முதலில் ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனால் பாலம் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 அளவு வரைபடத்தை எடுங்கள். இதில் ஒரு மைல் என்பது 2.64 அங்குலம். வின்டர்செட் ஊருக்குத் தெற்கே ஆற்றின் வளைவுகள்மேல் ஒரு நூலை வைத்து அளந்து, அதை இரு முனைகளுக்கும் இடையிலான நேர்த்தூரத்தால் வகுங்கள். விடை 1.5-ஐத் தாண்டினால் அது வளைந்து நெளியும் ஆறு. நூலுக்குப் பதில் அளவுகோலைத் துண்டு துண்டாக வைத்தால் வளைவுகள் விடுபட்டு, விடை குறைந்துவிடும்.

அடுத்து சாலைகளைக் கவனியுங்கள். இந்த நிலம் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டது. சாலைகளும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே ஓடும். நேராக வந்த சாலை ஆற்றருகே திடீரென ஒதுங்கித் திரும்பினால் அங்கே பாலத்தைத் தேடுங்கள், அல்லது பாலம் இருந்த தடத்தைத் தேடுங்கள். ஆற்றைச் சாய்வாகக் கடந்தால் பாலத்தின் நீளம் கூடும், மரச்செலவும் கூடும். அதனால் சாலையைத்தான் திருப்பினார்கள்.

வளைவின் பலனை நேரில் காண பாமெல் பூங்காவுக்குப் போங்கள். அங்கே ஆறு ஒரு சுண்ணாம்புப் பாறை முதுகைச் சுற்றி வருகிறது. முதுகின் ஒரு பக்கத்தைவிட மறுபக்கத்தில் நீர்மட்டம் தாழ்வு. 1858-இல் ஹார்மன் குடும்பத்தார் பாறையைக் குடைந்து, அந்த மட்ட வேறுபாட்டைக் கொண்டே மாவு ஆலையை ஓட்டினார்கள். அந்தக் குடைவு பின்னாளில் சாலைச் சுரங்கமாயிற்று. பூங்காவில் வண்டியோடு ஆற்றைக் கடக்கும் தாம்போதியும் உண்டு; கலங்கல் நீர் ஓடும்போது, தரை தெரியவில்லை என்றால், அதில் இறங்க வேண்டாம்.

கிளம்பும் முன் இண்டியானோலா அருகிலுள்ள நீர்மட்ட நிலையத்தின் அளவை இணையத்தில் பாருங்கள். ஆனால் அது ஆற்றோட்டத்தில் வின்டர்செட்டுக்குக் கீழே இருக்கிறது. மேற்கே அடேர் கவுண்டியில் இரவு கனமழை பெய்திருந்தால், அந்த அளவி அமைதியாகக் காட்டும்போதே பாலங்களடியில் வெள்ளம் வந்திருக்கும். எனவே மேற்குப் பக்கத்து மழை அளவையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. சரளைச் சாலைகளும் மழைக்குப் பின் சறுக்கும்.

ஆற்றின்மேல் நிற்கும் பழைய கூரைப் பாலங்கள் இரண்டு. வின்டர்செட்டுக்குத் தென்கிழக்கே 1880-இல் கட்டிய ஹாலிவெல், 122 அடி. மேடிசன் கவுண்டியில் மிஞ்சிய கூரைப் பாலங்களில் இதுவே நீளமானது. தென்மேற்கே 1883-இன் ரோஸ்மன், 107 அடி. இரண்டிலும் நடந்துதான் போக முடியும். உள்ளே பக்கச் சுவரைப் பாருங்கள்: பலகைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மர ஆணிகளால் இறுகியிருந்தால் அது இதியேல் டவுன் 1820-இல் உரிமம் பெற்ற வலைச்சட்டம். பெரிய உத்திரங்கள் தேவையில்லை, பலகையே போதும் என்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கூரை அழகுக்கு இல்லை, மழையைத் தடுக்கத்தான். பாலத் தரையின் கனத்த மரங்களை மாற்றுவதைவிடக் கூரைப் பலகையை மாற்றுவது மலிவு; அவ்வளவுதான் கணக்கு.

கட்டியவரைக் கூரை காட்டிக்கொடுக்கும். தட்டைக் கூரை என்றால் பென்டன் ஜோன்ஸின் கை. சாய்கூரை என்றால் எலை காக்ஸின் காலத்துப் பாலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலானோர் தவறுவது இடத்தில். ஐம்ஸ் பாலம் 1870-இல் மிடில் ரிவர்மேல் பாட்டர்சனுக்கு மேற்கே நின்றது; 1887-இல் கிளான்டன் ஓடைக்கும், 1977-இல் செயின்ட் சார்ல்ஸ் ஊருக்கும் போனது. கட்லர்-டோனஹோ பாலமோ நார்த் ரிவரில் இருந்தது, இப்போது வின்டர்செட் பூங்காவில். இவற்றை வைத்து ஆற்றின் அகலத்தைக் கணக்கிட்டால் பிழைதான் வரும். சீடர் பாலம் 2002-இலும் 2017-இலும் எரிந்து புதிதாகக் கட்டியது, ஆகவே அதன் மரத்தில் வயதைத் தேடாதீர்கள்.

இடம் மாறாத பாலத்தில் மட்டும் இதைச் செய்து பாருங்கள்: கோடையில் நீரின் அகலத்தை நாடாவால் அளந்து, பாலத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். நீர் பாதிகூட நிரப்பாது. மிச்ச நீளம் வசந்தகால வெள்ளத்துக்கு ஒதுக்கியது. கரை மரங்களில் சிக்கிய காய்ந்த புல்லும் குச்சியும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பார்த்தால், கடைசியாக வந்த வெள்ளம் பாலத்தின் அடிமரத்தை எவ்வளவு நெருங்கியது என்பதும் தெரியும்.