இனுயாஷா பார்க்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சித்தி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எந்நேரமும் கையில் போன், போனில் இனுயாஷா என்ற ஜப்பானிய அனிமே தொடர். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வில்லும் கையுமாகக் கிக்யோ என்ற பூசாரிப் பெண் திரையில் வந்த மாத்திரத்தில் சித்தி மகளின் விரல் தானாக நகர்ந்தது. பத்து நொடி தள்ளினாள், இன்னும் பத்து நொடி தள்ளினாள். "இவ வந்தாலே இழுவைக்கா. சண்டை வரட்டும்" என்றாள். கல்லூரி நாட்களில் நானும் இப்படித்தான் பார்த்தேன். அதன் நஷ்டம் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அதில் விருப்பமில்லாதவர்கள் பார்த்து முடித்தபின் படியுங்கள்.

யோகாயைப் பேய் என்று நினைப்பது

நம் பேச்சில் பேய் என்றால் செத்துப்போனவர். யோகாய் என்பது ஜப்பானியக் கதைகளில் வரும் மாய சக்தி கொண்ட பிறவி. இந்தத் தொடரின் யோகாய்கள் பேய்கள் அல்ல, உயிரோடு இருப்பவை. குட்டி நரி ஷிப்போ ஒரு யோகாய், இனுயாஷாவின் அண்ணன் செஷோமாரு ஒரு யோகாய். அப்பா நாய் யோகாய், அம்மா மனுஷி என்பதால் கதாநாயகன் இனுயாஷா பாதி யோகாய்தான். அமாவாசை இரவில் முடி கறுத்து, பலம் போய், வெறும் மனிதனாகிவிடுவான். செத்து, எலும்பும் மண்ணும் கொண்டு திரும்ப எழுப்பப்பட்டவள் கிக்யோ. எல்லோரையும் பேய் என்றே நினைத்துப் பார்த்தால் அவள் நிலைமையின் கொடுமை உறைக்காது.

கிக்யோவைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது

பதினைந்தாவது பிறந்தநாளன்று கதாநாயகி கக்கோமே டோக்கியோவில் தன் வீட்டுக் கோயில் கிணற்றுக்குள் இழுக்கப்பட்டு, சுமார் 500 ஆண்டு முந்தைய போர்க்காலத்து ஜப்பானில் கரையேறுகிறாள். அங்கே மரத்தில் அம்பு தைத்தபடி 50 ஆண்டாக உறங்குகிறான் இனுயாஷா. அம்பை எய்தவள் கிக்யோ. கக்கோமே அவளுடைய மறுபிறவி. பிறகு கிக்யோவே எழுந்து வந்து நிற்கும்போது, பழைய காதலி குறுக்கே வந்துவிட்டாள் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் கட்டினேன். கக்கோமே பக்கம் சேர்ந்துகொண்டு, மற்றவள் வரும் இடங்களையெல்லாம் ஓட்டினேன்.

ஓட்டிய இடங்களில் ஒன்றில்தான் கிக்யோ இனுயாஷாவிடம் தன் ஆசையைச் சொல்கிறாள். கேட்ட வரத்தைத் தரும் ஷிகோன் மணியைக் காப்பது அவள் பொறுப்பு, அதனால் மற்றப் பெண்களைப் போல வாழ அவளுக்கு வழியில்லை. அந்த மணியை வைத்து இனுயாஷா மனிதனாகிவிட்டால் மணி தூய்மையாகி மறைந்துவிடும். காவலும் முடியும், அவளும் ஒரு சாதாரணப் பெண்ணாகலாம். இருவரும் அதற்குச் சம்மதித்தபின்தான் எல்லாம் பாழாகிறது. தீயில் வெந்து குகையில் கிடந்த ஒனிகுமோவுக்குப் பணிவிடை செய்தவள் கிக்யோ. அவள்மேல் கொண்ட வெறியில் அவன் யோகாய்க் கூட்டத்துக்கு உடலைக் கொடுத்து நராக்கு ஆகிறான். கிக்யோ, இனுயாஷா இருவர் உருவத்தையும் மாறி மாறி எடுத்து, அவளுக்கு அவனையும் அவனுக்கு அவளையும் துரோகியாகக் காட்டுகிறான். அம்பை எய்துவிட்டுக் கிக்யோ சாகிறாள். மணி அவள் உடலோடு எரிகிறது.

இறுதிப் பகுதியில் அவள் இரண்டாம் முறை சாகிறாள், இனுயாஷாவின் கைகளில். கடைசியில் நான் சாதாரணப் பெண்ணாகிவிட்டேன் என்ற பொருளில் ஒரு வரி சொல்கிறாள். அவ்வளவுதான். அந்த ஆசை முதலில் எங்கே சொல்லப்பட்டது என்று தெரிந்தவர்களால் அந்த வரியைக் கேட்டுவிட்டு அசையாமல் இருக்க முடியாது. எனக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. இனி குறுக்கீடு இல்லை என்று நிம்மதிகூட வந்தது. சில ஆண்டு கழித்து முதலிலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்தபோது அதே இடத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் அழுதேன். ஆனால் கிக்யோ பிழைப்பாளா மாட்டாளா என்ற தவிப்போடு அதைப் பார்க்கும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

கிக்யோவை விட்டால் கக்கோமேயும் போய்விடுகிறாள். இதை யாரும் யோசிப்பதில்லை. 48-வது எபிசோடில் கிணற்று வழியே வீடு திரும்பிய கக்கோமே, தனக்குப் பொறாமை இருப்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறாள். கிக்யோவை அவன் மறக்கவே மாட்டான் என்று தெரிந்தே, அவன் பக்கத்தில் இருக்கத் திரும்பிப் போகிறாள். பிற்பாடு நராக்குவின் நச்சு ஏறிய கிக்யோவைக் காப்பாற்றுவதும் கக்கோமேதான். இந்தத் தொடரின் காதல் என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த இடங்களால். வாள்வீச்சு எத்தனையோ தொடர்களில் இருக்கிறது.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள் 147, 148-வது எபிசோடுகளை மட்டுமாவது பாருங்கள். அந்தப் பழைய கதை அங்கே வரிசையாகச் சொல்லப்படுகிறது.

சண்டைக்கு முந்தைய அமைதியை ஓட்டுவது

வேண்டாம். இசையமைப்பாளர் வாடா காவோருவின் இசை அங்கேதான் மூச்சுவிடுகிறது.

ஒசுவாரி

இனுயாஷாவைத் தரையில் விழவைக்கக் கக்கோமே சொல்லும் சொல். ஜப்பானிய மொழியில் நாய்க்குச் சொல்லும் 'உட்கார்'. இது தெரியாமல் பார்த்தால் பாதிச் சிரிப்பு போச்சு.

167-இல் நிறுத்துவது

2004 செப்டம்பரில் 167-வது எபிசோட் முடியும்போது நராக்கு உயிரோடுதான் இருக்கிறான். மூலக்கதையான தகாஹாஷி ருமிக்கோவின் மங்கா, அதாவது படக்கதை, அப்போது முடிந்திருக்கவில்லை. 56 தொகுதிகளாக வளர்ந்து 2008-இல்தான் முடிந்தது. மிச்சக் கதை 2009 அக்டோபரில் தொடங்கிய 26 எபிசோடுகளில், வேறு பெயரில், தனித் தொடராக இருக்கிறது. சித்தி மகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.