வெளியே ஒரு பாணி, உள்ளே ஒரு பாணி: நியூயார்க்கின் பழைய வணிகர் வீட்டைப் பார்ப்பது எப்படி

மன்ஹாட்டனில் கிழக்கு 4-ஆம் தெருவில் 29-ஆம் எண் வீட்டுக்கு, அதாவது மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு, வருகிறவர்களில் பலர் டிக்கெட் வாங்கும் அவசரத்தில் நேராகப் படியேறிவிடுகிறார்கள். படியேறுமுன் எதிர் நடைபாதையில் ஐந்து நிமிடம் நின்று முகப்பைப் பாருங்கள். உள்ளே போனபின் எதனோடு ஒப்பிடுவது என்பது அப்போதுதான் தெரியும்.

வீடு கட்டி முடிந்தது 1832-ல். கட்டியவர் ஜோசப் ப்ரூஸ்டர் என்ற தொப்பி வியாபாரி. தான் குடியிருக்க அல்ல, விற்று லாபம் பார்க்க. 1835-ல் இரும்புச் சாமான் இறக்குமதி செய்த சீபரி ட்ரெட்வெல் 18,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் கடைசியான கெர்ட்ரூட் 1840-ல் இதே வீட்டில் பிறந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், 1933-ல் இங்கேயே இறந்தார். சொத்து கைமாறவே இல்லை என்பதால்தான் நாற்காலி, விளக்கு, துணிமணி எல்லாம் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பொருளாக மிஞ்சின. தூரத்து உறவினர் ஜார்ஜ் சாப்மன் வீட்டை மீட்டு 1936-ல் அருங்காட்சியகம் ஆக்கினார். நகரம் வெளிப்புறத்துக்கு 1965-லும் உட்புறத்துக்கு 1981-லும் பாதுகாப்பு அளித்தது. இரண்டுக்கும் பாதுகாப்பு உள்ள வீடு அந்த ஊரில் அபூர்வம்.

முதலில் செங்கல். ஒரே வரிசையில் ஒரு கல் நீளவாக்கில், அடுத்த கல் தலை மட்டும் தெரிய, மறுபடி நீளவாக்கில் என்று மாறி மாறி வருகிறதா பாருங்கள். இது ஃப்ளெமிஷ் கட்டு. பிறகு பார்வையை மேலே கொண்டுபோங்கள்: செங்குத்தாகச் சரியும் கூரை, அதில் துருத்தி நிற்கும் ஜன்னல்கள். கடைசியாக வாசல்: வெள்ளைப் பளிங்குச் சுற்று, வளைவு, கதவுக்கு மேல் விசிறி போன்ற கண்ணாடி. மூன்றும் சேர்ந்தால் ஃபெடரல் பாணி, அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் பரவியது. 1832-ல் அது சற்றே பழசாகிக்கொண்டிருந்த ரசனை. வாங்க வருகிறவர் முகம் சுளிக்காத முகப்பு வேண்டும் என்று ப்ரூஸ்டர் கணக்குப் போட்டிருப்பார் என்பது எங்கள் ஊகம்.

உள்ளே முன்கூடத்துக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. முன்னும் பின்னுமாக ஒரே அளவில் இரண்டு வரவேற்பறைகள். நடுவில் அயோனியத் தூண்கள் (உச்சியில் சுருள் வடிவம் கொண்ட கிரேக்கத் தூண்கள்), அவற்றுக்கிடையே சுவருக்குள் சறுக்கி மறையும் மஹோகனிக் கதவுகள். இரண்டு அறைக்கும் கறுப்பும் பொன்னிறமும் கலந்த பளிங்கில் ஜோடிக் கணப்புச் சட்டம். கூரையிலும் ஒரே மாதிரி இலைவட்டம். இது கிரேக்க மறுமலர்ச்சிப் பாணி. 1821 முதல் 1829 வரை நடந்த கிரேக்க விடுதலைப் போர் அமெரிக்கர்களுக்குக் கிரேக்கத்தின் மேல் ஒரு மோகத்தைக் கிளப்பியிருந்தது. வெளியே பார்த்த ஃபெடரலும் இதுபோலவே பண்டைய வடிவங்களைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல்தான். அது ரோமானிய மரபின் மெல்லிய வளைவுகளிலிருந்து வந்தது, இது கிரேக்கத்தின் கனத்த நேர்கோடுகளிலிருந்து. வாசலின் வளைவை நினைவில் வைத்துக்கொண்டு தூண்களுக்கு மேல் உள்ள தட்டையான உத்தரத்தைப் பாருங்கள், வித்தியாசம் தானாகப் பிடிபடும்.

சறுக்குக் கதவுகளின் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். பழைய வீடுகளில் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் வீடு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரசமட்டம் தேவையே இல்லை.

இனி வரவேற்பறைகளின் உட்கூரை. இந்த வீட்டில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். கூரை விட்டங்களுக்கு அடியில் மெல்லிய மர ரீப்பர்களைச் சுமார் 2, 3 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விட்டு அடிப்பார்கள். சுண்ணாம்பும் மணலும் மாட்டு மயிரும் கலந்த முதல் பூச்சை அழுத்தித் தேய்த்தால் சாந்து அந்த இடைவெளி வழியே மேலே பிதுங்கி, மறுபக்கம் மடிந்து இறுகும். அந்த மடிப்புதான் கொக்கி. கூரைச் சுதை முழுவதும் தொங்குவது இந்தக் கொக்கிகளில்தான். அதன்மேல் இரண்டாம் பூச்சு, கடைசியில் ஒரு நூல் கனத்துக்கு வழவழப்பான வெள்ளைப் பூச்சு. மொத்தம் ஏறத்தாழ 7 நூல்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடும் அலங்காரப் பட்டையை அச்சில் வார்ப்பதில்லை. வேண்டிய வடிவத்தின் எதிர்வெட்டைத் தகரத்தில் வெட்டி, பலகையில் அறைந்து, சுவரில் அடித்த வழிகாட்டிச் சட்டத்தின் மேல் ஈரச் சாந்தோடு இழுத்துக்கொண்டே போவார்கள். நாலைந்து இழுப்பில் வடிவம் தெளியும். ஆனால் தகடு மூலை வரை போகாது. மூலைகளைக் கையால்தான் முடிக்க வேண்டும். எனவே வேலைக்காரரின் தரம் தெரிய வேண்டுமானால் நான்கு மூலைகளையும் பாருங்கள்: இரண்டு பக்கக் கோடுகளும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்கின்றனவா? கூரை நடுவில் இலைவட்டத்தில் உள்ள அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் தனித்தனியாக அச்சில் வார்த்து ஒட்டியவை.

சுதை கெடுவது பெரும்பாலும் கொக்கி முறிவதால். கூரை ஒழுகி ரீப்பர் ஊறிக் காய்ந்தால் முறியும், ஆணி துருப்பிடித்து ரீப்பர் தொங்கினால் முறியும், பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டும் அதிர்விலும் முறியும். நியூயார்க் கட்டடத் துறையின் 10/88 நடைமுறைக் குறிப்பு, பாரம்பரியக் கட்டடத்துக்கு 90 அடிக்குள் வேலை நடந்தால் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. அதிர்வு நொடிக்கு 0.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கொக்கி ஏற்கெனவே பாதி போன கூரைக்கு அந்த எல்லையே அதிகம் என்பது எங்கள் கருத்து. எல்லையை வீட்டின் நிலையைப் பார்த்து வைக்க வேண்டும், பொது அட்டவணையைப் பார்த்து அல்ல.

உங்கள் பொறுப்பில் இதே மாதிரி ரீப்பர்–சுதைக் கூரை இருந்தால் சோதிக்கும் முறை இது. (அருங்காட்சியகத்தில் கையை வைத்துவிடாதீர்கள்.) டார்ச்சைக் கூரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். தொய்ந்த இடம் நிழலாகத் தெரியும். விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி, டப்பென்று உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் வந்தால் அந்தப் பகுதியைப் பென்சிலால் வளைத்துக் குறியுங்கள். உள்ளங்கையால் அழுத்தும்போது அசைந்தால் உடனே அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டாத விரிசலுக்கு அவசரம் இல்லை.

சரிசெய்யும்போது பலர் செய்யும் தவறு, தொய்ந்த சுதையை முட்டுக் கொடுத்து ஒரேயடியாக மேலே நெருக்குவது. முறிந்த கொக்கித் துண்டுகள் சுதைக்கும் ரீப்பருக்கும் நடுவே கிடக்கும். நெருக்கினால் அந்த இடத்தில் உடையும். முதலில் மேல்தளப் பலகையைக் கழற்றி, மேலிருந்து வாக்குவம் வைத்து அந்தக் குப்பையை எடுங்கள். பிறகு ஸ்பாஞ்ச் ஒட்டிய ப்ளைவுட் பலகையால் அடியில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். உள்ளங்கை அகல இடைவெளியில் சிறு துளைகள் போட்டு அக்ரிலிக் பசையைச் செலுத்தி, பசை நன்றாக இறுகும்வரை அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்காதீர்கள். கழன்ற துண்டை ஜிப்சம் போர்டால் ஈடுகட்டுவது மலிவு, ஆனால் ஓரத்தில் விரிசல் திரும்ப வரும்.

வெளிச்சுவரிலும் இதே கதைதான், பொருள் மட்டும் வேறு. 1830-களின் செங்கல் மென்மையானது. செங்கல்களுக்கு இடையே உள்ள சந்துகளைச் சிமெண்டால் நிரப்பிப் பாயிண்டிங் செய்தால் ஈரம் சந்து வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள் தங்கும், குளிர்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தையே உரித்துவிடும். சந்து அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு, அதாவது 2 நூல் சந்தானால் 4, 5 நூல் வரை, உளியால் எடுங்கள். கட்டிங் மெஷினை உள்ளே விட்டால் செங்கல் ஓரம் போய், சந்து அகன்று, பழைய மெல்லிய கோடு திரும்பக் கிடைக்காது. சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சந்தை நனைத்துவிட்டு, ஒரு பூச்சுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். மூன்று நாளாவது ஈரச் சாக்குப் போடுங்கள். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாளில் தொடாதீர்கள்.

வரவேற்பறைகளிலேயே நேரம் போய்விட்டது என்று கீழே உள்ள சமையலறையை விட்டுவிடாதீர்கள். வார்ப்பிரும்பு அடுப்பு, பணியாட்களைக் கூப்பிடும் மணிகள் அங்கே இருக்கின்றன. வீடு கட்டி பத்து ஆண்டு கழித்து, 1842-ல்தான் நகரத்துக்குக் க்ரோட்டன் ஆற்றின் குழாய்நீர் வந்தது. அதுவரை கொல்லையில் உள்ள 4,000 காலன் மழைநீர்த் தொட்டியை நம்பித்தான் இருந்தார்கள். சமையலறையிலிருந்து கூரைக்கடியில் உள்ள பணிப்பெண்களின் அறை வரை ஒருமுறை ஏறிப் பாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்த அந்தப் பெண்கள் கரியையும் வெந்நீரையும் தூக்கிக்கொண்டு ஏறிய உயரம் அது.