ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன மரக்கொட்டகை

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இரண்டிலும் பிள்ளைகள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு கொட்டகை இருந்தாலே ஐந்தாறு பிள்ளைகள் நனையாமல் நிற்கலாம்.

தூணுக்கு அயனியோ, வயிரம் பாய்ந்த பனையோ எடுங்கள். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் வாங்க வேண்டாம், வெளியில் நின்றால் சீக்கிரமே உளுத்துவிடும். தூணை மண்ணில் நேரடியாகப் புதைக்காமல், தரைக்கு அரையடி மேலே நிற்கும் கான்கிரீட் கட்டையில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு நிறுத்துங்கள், ஏனென்றால் கரையானும் ஈரமும் ஏறுவது அடியிலிருந்துதான். முந்திரித் தோட்டு எண்ணெய் கிடைத்தால் தூணின் அடிப்பக்கம் பூசலாம், ஆனால் அது தோலைப் பொள்ள வைக்கும், அதனால் பிள்ளைகள் உட்காரும் பலகையிலோ கைபடும் இடத்திலோ வேண்டவே வேண்டாம்.

கூரைக்குத் தகர ஷீட் போதும். முன்பக்கம் ஏழடி, பின்பக்கம் ஆறடி உயரம் வைத்தால் தண்ணீர் பின்னால் வடியும். ஆடிச் சாரல் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அந்தப் பக்கம் பலகை அடித்து மூடுங்கள். பஸ் அந்தப் பக்கமிருந்து வருமென்றால் பிள்ளையின் கண் உயரத்தில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் எட்டிப் பார்க்க ரோட்டுக்கே ஓடிவரும்.

அப்புறம், இடம் ரோட்டுப் புறம்போக்கு என்றால் முதலில் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.